குவாவ் இறகுக் காவடி

இந்த நாட்டில் விடியற்காலையில் காட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவார்கள். "கூ... வாவ்" என்று உரக்க நீட்டிக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பதுபோலச் சற்று நிறுத்தி, மறுபடியும் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இந்த ஜொகூர்த் தோட்டத்துக்கு வந்த புதிதில், நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "யாருங்க? யாரு வேணும்?" என்று கேட்டிருக்கிறேன். ஆள் யாரும் இல்லை. ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன; அவற்றுக்குப் பின்னால் காடு. மறுநாளும் ஓடிப்போய்க் கேட்டேன். அந்த வழியாகப் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த மாரியாயி நின்று, "அது பட்சிம்மா. குவாவ்னு சொல்லுவாங்க. அதைப் போயி யாரு வேணும்னு கேக்குறீங்களே!" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலத்துக்குள், டிரசர் வீட்டம்மா பறவையோடு பேசுகிறாள் என்ற செய்தி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் முழுவதும் பரவிவிட்டது. ஒரு கிழவர் எனக்கு வேப்பிலை அடிக்கலாம் என்றுகூடச் சொன்னாராம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, புண் கழுவி, கட்டுப் போடுகிறவர். பெரிய டாக்டர் எப்போதாவது மோட்டாரில் வந்து, துரை பங்களாவில் டீ குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் தன்வந்திரி. அந்தத் தன்வந்திரி என் கணவர். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். பத்திரிகைக்கு எழுதுவதும் சொல்வதில்தான் சேரும் என்பதால் 'இவர்' என்றே எழுதுகிறேன். இவர் இப்போது என் பின்னால் நின்றுகொண்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்வதற்கு ஆயத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இவர் தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் வாயிலும் கொயினா என்ற கசப்புக் காய்ச்சல் மருந்தை ஊற்றி, விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர். கொசு வலைக்குள் படுப்பதன் பெருமையைப் பற்றி லயத்தில் பிரசங்கம் செய்வார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கடைசியில் இவரே காய்ச்சலில் விழுந்தார். முதலில் குளிர். இருக்கிற கம்பளி போதாமல் கோணிச் சாக்கையும் போட்டு, அதன்மேல் நான் ஏறி உட்கார்ந்துகூடக் கட்டில் ஆடியது. பிறகு சூடு. பிறகு பிதற்றல். தோட்டத்தில் மருந்து தெரிந்த ஒரே மனிதர் தன்னையே தெரியாமல் கிடந்தார். நான் புட்டிகளைத் திறந்து மோந்தும் நக்கியும் பார்த்து, எது கசந்ததோ அதைக் கொடுத்தேன். அத்தோடு நிற்காமல் முருகனிடமும் பேசினேன்: "இவர் எழுந்து உட்கார்ந்தால் என் கையாலேயே ஒரு காவடி கட்டி, இவர் தோளில் ஏற்றி, தைப்பூசத்தன்று உன் சந்நிதிக்குக் கூட்டிவருகிறேன்."

நம் வேண்டுதல்களில் ஒரு சௌகரியம் உண்டு. வேண்டுகிறவள் ஒருத்தி, சுமக்கிறவன் இன்னொருவன். இவர் எழுந்து, ரசம் கேட்டு, குடித்து, ஏப்பம் விட்ட பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா, அகிலாண்டம்?"

"நீங்க அப்போ கூரையைப் பார்த்து உங்க பெரியப்பாவோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க."

"என்னைப் பொழைக்க வெச்சது கொயினா."

"இருக்கட்டுமே. கொயினாவுக்குக் காவடி எடுக்கிற வழக்கம் இல்லையே."

இவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. இல்லவே இல்லை என்று சொல்லும் துணிச்சலும் கிடையாது. படித்த ஆண்பிள்ளைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பெண்டாட்டி செய்த வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டால் லயத்தில் ஒருத்தர்கூட வாயைத் திறந்து கொயினா குடிக்க மாட்டார் என்பது இவருக்குத் தெரியும். சம்மதித்தார்.

என் கையாலேயே என்று ஏன் வேண்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிரார்த்தனை வராது. சின்ன வயசிலிருந்தே வராது. கண்ணை மூடித் துதி சொல்ல ஆரம்பித்தால், இரண்டாவது அடிக்குள் மனசு புளி கரைக்கப் போய்விடும். முடிக்கும்போது எந்தச் சாமியைத் துதித்தேன் என்று நானே விசாரிக்க வேண்டியிருக்கும். ஆனால் கையில் ஒரு வேலை இருந்தால் மனசு அசையாது. பிறந்த வீட்டில் கல்யாணப் பந்தலுக்குத் தாள் பூ வெட்டுவது, சீர்த் தட்டு அலங்கரிப்பது எல்லாம் நான்தான். கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டால் கூப்பிட்டாலும் கேட்காது. அந்த மாதிரி நிலைத்த மனசைத்தான் ரிஷிகள் காட்டில் தேடினார்களாம். அவர்கள் கையில் கத்தரிக்கோல் இல்லாததுதான் குறை.

ஊராக இருந்தால் தச்சர், கொல்லர் என்று ஆள் ஆளுக்குச் சாமான் செய்து கொடுப்பார்கள். இங்கே காடுதான் கடை. குறுக்குத் தண்டுக்குப் பூலாய் மரம். வெட்டிக் காயவைத்தால் கனமே இராது. வளைவுக்குக் காட்டுப் பிரம்பு. பளபளப்புக்குத் துரை குடித்துப் போடும் சிகரெட் டின்னின் ஈயத்தாள். மணிக்கும் பூவுக்கும் கொயினா டப்பாத் தகரம். காலி டப்பாக்கள் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் மலையாகக் கிடந்தன. தாமரை தாமரையாக நான் வெட்டுவதைப் பார்த்துவிட்டு இவர் ரொம்பத் திருப்திப்பட்டார்: "பரவாயில்லை. காவடியிலே என் கட்சிக்கும் ஓர் இடம் குடுத்துட்டே."

இடறியது மயிலிறகில்.

நாங்கள் காவடி கொண்டுபோக வேண்டிய கோயில் பத்து பாகாட் என்ற ஊருக்குப் போகிற பாதையில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம். பேரைப் போட்டால் அதன் தர்மகர்த்தா நாகரத்தினம் இந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிடுவார். அவர் மளிகை, ஜவுளி, பூஜை சாமான் மூன்றும் விற்பவர். பக்தி நான்காவது சரக்கு. அதை மட்டும் விலையில்லாமல், கேட்காதவர் மேலும், உரக்கக் கொட்டுவார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முன்பாக நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக அவருக்கு மயிலிறகுக் கட்டுகள் கப்பலில் வரும். வந்த கையோடு, மயிலிறகு இல்லாத காவடி கோயில் படி ஏறக் கூடாது என்று ஒரு விதியும் வந்து சேர்ந்தது. விதி கப்பலில் வந்ததா, கடையிலேயே தயாரானதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் கப்பலில் கட்டுகள் கடல் தண்ணீரில் ஊறிவிட்டன. சிங்கப்பூர்க் கிடங்கிலிருந்து வந்ததைப் பிரித்துப் பார்த்தால் பூசணம். நாற்றம் தாங்காமல் கடைப் பையன்களே கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள். விதியையாவது தளர்த்தலாமே என்று யாரோ சொல்லிப் பார்த்தார்களாம். "ஆகமத்தை மாத்துறதுக்கு நான் யாரு?" என்று கேட்டாராம். ஆகமத்தில் அந்த விதியைச் சேர்த்தபோது அவருக்கு இந்த அடக்கம் வரவில்லை.

தைப்பூசம் நெருங்கியது. என் காவடி எலும்புக்கூடாக நடு வீட்டில் நின்றது. வேண்டுதல் செய்துவிட்டுச் செலுத்தாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று இவர் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், இவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அப்போதுதான் அவாங் வந்தார். காட்டுக்குள் குடியிருக்கும் ஜாகூன் மக்களில் ஒருவர். காலில் சீழ் வைத்த புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, இவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு, புண் ஆறிய பிறகு நன்றி சொல்வதற்காக எங்கள் வீட்டுக்கே வந்தார். அவருடைய நன்றி ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் இருந்தது. ஆசையாகப் பிரித்தேன். உள்ளே ஒரு பெரிய பறவை, சுத்தமாக இறகு பறித்து, கால்களைக் கட்டி, அடுப்பில் ஏற்றுவதற்குத் தயாராகக் கிடந்தது. எங்களுடையது முட்டைகூட நுழையாத சைவ வீடு. நான் அலறியதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு அவாங் இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். "மாக்கான், மாக்கான்" என்றார். சாப்பிடுங்கள் என்று அர்த்தம். நான் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தேன். அவர் மரியாதைக்காக மறுக்கிறேன் என்று நினைத்து, நல்ல கொழுப்பு என்று பறவையின் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். இவர் வந்து, எங்களுக்கு இறைச்சி ஆகாது என்று தமக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். அவாங் எங்களை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். இவ்வளவு பெரிய வீடு, இவ்வளவு மருந்து. சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்திருப்பார்.

அவர் கூடையைத் தூக்கும்போதுதான் அதன் ஓரத்தில் செருகியிருந்த இறகைப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம். மயிலின் நீலமும் பச்சையும் இல்லை, பழுப்பு. ஆனால் தண்டு நெடுகக் கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்த பாசிமணிபோல உருண்டு தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் தட்டையாக இருந்தது. "என்ன பறவை?" என்று கேட்டேன். அவாங் காட்டைப் பார்த்து வாயைக் குவித்து, "கூ... வாவ்" என்றார். வாழையிலையில் கிடந்தவர் தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டவர்களில் ஒருவர்.

கொல்லக் கூடாது, இறகு மட்டும் வேண்டும் என்று புரியவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவாங்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தின்பதைத் தள்ளிவிட்டு, எறிவதைக் கேட்கும் ஜனங்களை அவர் பார்த்ததில்லை. மறுநாள் முற்பகலில் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். நான், இவர், வேடிக்கை பார்க்க மாரியாயி. அட்டைகள் காலில் ஏற ஏற மாரியாயி முருகனையும் என்னையும் மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் அவாங் நின்றார். சுற்றிலும் முழங்கால் அளவுக்குச் சருகு மக்கிக் கிடந்த காட்டில், அங்கே மட்டும் வெறும் மண். அப்போதுதான் யாரோ பெருக்கிவிட்டுப் போன வாசலைப்போல இருந்தது. ஒரு குச்சி, ஒரு இலை இல்லை. அந்தப் பறவையே தினமும் பெருக்குமாம். பெருக்கிச் சுத்தம் செய்த பிறகுதான் நடுவில் நின்று சிறகை விரித்து ஆடுமாம். "சாப்பு, சாப்பு... லெபாஸ் இத்து, மெனாரி" என்று அவாங் தம் காலாலேயே சருகைத் தள்ளி, கையை விரித்து, புதிதாக ஆறிய காலோடு ஒரு சுற்றும் ஆடிக் காட்டினார். பெருக்கும், பெருக்கும், அதற்கப்புறம் ஆடும்.

"எல்லாம் பெட்டையைக் கூப்பிடுறதுக்காக," என்றார் இவர். மருத்துவம் படித்தவர்களிடம் ஒரு அழகான சங்கதியைக் காட்டவே கூடாது.

"இருக்கட்டும். நம்ம தர்மகர்த்தா யாரைக் கூப்பிட ஆடுறாரு? அவரு வாசலைக்கூடப் பெருக்கினதில்லையே," என்றேன்.

ஆடுகளத்தின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கினோம். அவாங் தமக்குத் தெரிந்த வேறு களங்களிலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்து மாரியாயி, "அம்மா, என் வூட்டுக்காரருக்கும் ஒரு காவடி பாக்கி நிக்குது. கொஞ்சம் எங்களுக்கும் தாங்க" என்றாள். லயத்தில் இன்னும் சிலரும் கேட்டார்கள். எல்லோருமாக எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கட்டினோம்.

அந்த நாட்கள்தான் என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் சாமி கும்பிட்ட நாட்கள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரம்பை நெருப்பில் காட்டி வளைக்கும்போது மனசு புளி கரைக்கப் போனால் பிரம்பு திமிறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். அதனால் போகவில்லை. இறகுக் கண்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி, ஒன்று மாறியிருந்தாலும் பிரித்து மறுபடி கட்டினேன். "முருகன் இவ்வளவு கிட்ட வந்தா பார்க்கப்போறான்?" என்று இவர் கேட்டார். "அவன் பார்க்காட்டி நான் பார்ப்பேன்ல" என்றேன். ஒவ்வொரு முடிச்சிலும் இவர் பிழைத்துக்கிடக்க வேண்டும் என்பது இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பயம் எல்லாம் விரல் வழியாக இறங்கிப்போய், கடைசி இறகைக் கட்டியபோது எனக்கு நிம்மதியாகப் பசித்தது.

தைப்பூசத்தன்று லாரியில் பட்டணத்துக்குப் போய், ஆற்றில் குளித்து, இவர் மஞ்சள் வேட்டியோடு காவடியைத் தோளில் ஏற்றினார். ஆடத் தெரியாது, பிணி பார்க்கப் போகிறவர் மாதிரி விறுவிறு என்று நடந்தார். ஆனாலும் காவடி தானே அசைந்தது. பழுப்புக் கண்கள் எல்லாம் வெயிலில் திறந்து மூடின. தெருவில் சீனக் கடைக்காரர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன்?

கோயில் படியில் நாகரத்தினம் நின்றார். பட்டு அங்கவஸ்திரம், சந்தனம், குரல்.

"டிரசர், இது என்னது?"

"காவடி."

"காவடி தெரியுது. இறகு?"

"குவாவ் இறகு. என் சம்சாரம் கட்டினது."

"படிச்சவரு நீங்க. முருகனுக்கு வாகனம் மயில். மலாய்க்காட்டுக் கோழியைக் கொண்டாந்து நிறுத்துறீங்களே, அடுக்குமா? நம்ம ஊருல எந்தக் கோயில்லயாவது இது உண்டா?"

நான் முன்னால் வந்தேன். "ஐயா, இவருக்கு வந்தது மலாய்க்காட்டுக் காய்ச்சல். அதுவும் நம்ம ஊருல எந்தக் கோயில்லயும் இல்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண்பிள்ளை பேசினால் பக்கத்தில் நிற்கும் ஆண்பிள்ளைக்குப் பதில் சொல்வது அவர் வழக்கம். "இறக்கி வெச்சு, இறகை உருவிட்டு, வெறுங்காவடியா எடுத்துட்டு வாங்க. அதுக்கும் விதியில இடமில்ல. உங்களுக்காகப் பாக்குறேன்," என்றார் இவரிடம்.

இவர் எங்கே இறக்கிவிடுவாரோ என்று பயந்தேன். இந்தச் சுமையை எப்போது இறக்கலாம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவர். ஆனால் இவர் தண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தோள்ல ஏத்தின காவடியைச் சந்நிதியில இறக்குற வரைக்கும் தரையில வைக்கக் கூடாதுன்னு, போன வருஷம் இதே படியில நின்னு நீங்கதானே எல்லாருக்கும் சொன்னீங்க? நான் வைக்க மாட்டேன். நீங்க விடற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

விதி போட்டவருக்கு விதியே வழியை மறித்தது. மாரியாயியின் புருஷனும் மற்றவர்களும் பழுப்புக் காவடிகளோடு இவருக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் இறக்கவில்லை. வெயில் ஏறியது. நின்ற இடத்திலிருந்து கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை, சீமைத் தகரம். மணி, ஏதோ உடைந்த கப்பலுடையது. எரிகிற சூடம் ஜப்பான்காரன் தீவிலிருந்து வருவது. பால் குடங்களில் இருந்தது டப்பாப் பால். மயில் வாகனத்தைச் செதுக்கியவர் ஒரு சீனத் தச்சர். மயிலை அவர் கண்டதில்லை போலும், கண்டதைச் செதுக்கியிருந்தார். அதன் முகத்தைப் பார்த்தால் அவர் ஊர்க் கோயிலில் மேகத்தில் பறக்கும் பறவையின் தங்கை என்று தெரியும். இத்தனையும் உள்ளே போய்ச் சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டு, என் இறகை மட்டும் எந்த ஊர் என்று கேட்கின்றன.

அப்போது இவருடைய ஆடுசதை துடித்தது. எனக்கு அந்தத் துடிப்பு தெரியும். காய்ச்சலில் குளிர் தொடங்கும்போது முதலில் அங்கேதான் துடிக்கும். களைப்பா, காய்ச்சலா? எனக்குத் தெரியவில்லை. எந்த உயிருக்காக இதைக் கட்டினேனோ அந்த உயிர் இதைச் சுமந்துகொண்டே என் முன்னால் விழப் போகிறது என்று நினைத்ததும், பெருமை, கோபம், நியாயம் எல்லாம் என்னைவிட்டு ஓடிப்போயின.

"ஐயா, உங்ககிட்ட ஒரே ஒரு மயிலிறகாவது இருக்கா?" என்று கேட்டேன்.

இல்லை என்று கூட்டத்துக்கு முன்னால் சொல்ல அவரால் முடியுமா? ஆளை அனுப்பினார். வீட்டு அலமாரியிலிருந்து ஓர் இறகு வந்தது. பழையது, அந்துருண்டை வாசனை தூக்கியடித்தது. ஒன்று இருந்தாலும் மயிலிறகுக் காவடிதான் என்று அங்கேயே ஆகமம் விரிந்துகொடுத்தது.

"கட்டாதே, அகிலாண்டம்," என்றார் இவர். சாமியை அரைகுறையாக நம்புகிறவர்தான் இதைச் சொன்னார். "நீ கட்டினது இது. இதிலே அது சேர வேண்டாம்."

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க," என்றேன். அத்தனை பேர் நடுவில் இவரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணீர் மறைத்ததால் முடிச்சு சரியாக விழவில்லை. என் காவடியிலேயே அசிங்கமான முடிச்சு அது.

சந்நிதியில் காவடியை இறக்கியபோது எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் முன்பே பிரம்பிடமும் இறகிடமும் கேட்டுத் தீர்த்திருந்தேன். ஒன்று மட்டும் சொன்னேன்: "முருகா, அந்த ஒரு இறகு நான் வைத்ததில்லை. அதைச் சேர்க்காமல் மற்றதை எடுத்துக்கொள்." சூடம் அணைவதற்குள் தர்மகர்த்தாவின் ஆள் என் பின்னால் வந்து நின்றான். இறகைத் திருப்பித் தர வேண்டுமாம். அடுத்த காவடி வாசலில் காத்திருக்கிறதாம். அவிழ்த்துக் கொடுத்தேன். அது வெளியே போய் மாரியாயி புருஷனின் காவடியில் ஏறி உள்ளே வந்தது. மறுபடி வெளியே போய் இன்னொருவர் காவடியில் ஏறியது. அந்தத் தைப்பூசத்தில் முருகனை அதிகம் தரிசித்த பக்தர் அந்த இறகுதான். அதற்கு மோட்சம் கிடைக்காமல் போனால் வேறு யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. மாரியாயி வெளியே வந்து, "அலாமாக்! இது சாமி கும்புட வந்துச்சா, சோத்துக்கு வந்துச்சாம்மா? இந்த அலைச்சல் அலையுது!" என்றாள். படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். இவருக்கு வந்தது வெறும் களைப்புதான்.

ஆனால் அந்த முடிச்சு எனக்குள் இறுகிக்கொண்டே இருந்தது. முருகன் மற்றதை எடுத்துக்கொண்டானா, இல்லை அந்த அந்துருண்டை இறகைத்தான் எடுத்துக்கொண்டானா?

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தோம். என் பிறந்த ஊரில் வயலுக்கு நடுவே ஒரு குன்று, அதன்மேல் முருகன். வயலெல்லாம் மயில். அங்கே மயிலிறகுக்கு மரியாதையே கிடையாது. பிள்ளைகள் அதால் ஒருத்தர் காதில் ஒருத்தர் குத்திக்கொள்கிறார்கள். நான் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுபோன குவாவ் இறகை எடுத்துக் காட்டினேன். என் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மயில் வேஷம் போட்ட கோழியா?" என்று கேட்டான். வீடே சிரித்தது. நாகரத்தினம் கப்பலேறி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டாரோ என்று தோன்றியது. அதற்கப்புறம் அவர்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "எப்போ ஊருக்குத் திரும்பறே?" என்று கேட்டார்கள். பிறந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, எந்த ஊருக்கு என்று என்னையே நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கேதான் இவருக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. அதே குளிர், அதே ஆட்டம். உள்ளூர் வைத்தியர் நாடியைப் பார்த்து, "இது நம்ம பக்கத்துக் காய்ச்சல் இல்லை, மலேயாச் சரக்கு" என்று கையை எடுத்துவிட்டார். பெட்டியில் கொயினா இருந்தது, கொடுத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்தேன். பொழுது விடிகிற நேரத்தில் வெளியே யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வாசலுக்கு ஓடி, "யாருங்க? யாரு வேணும்?" என்றேன்.

தம்பி வந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "மயில்க்கா அது. நீ பிறந்ததிலேருந்து கத்திக்கிட்டு இருக்கு."

உள்ளே வந்தேன். இவருக்கு வேர்வை விட்டிருந்தது, சூடு இறங்கியிருந்தது. கொயினாவா முருகனா என்ற வழக்கு இன்றுவரை தீர்ப்பாகவில்லை. இவர் கண்ணைத் திறந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். மடியில் என்னையறியாமல் ஒரு வேலை நடந்திருந்தது. தம்பி பிள்ளைகள் கொண்டுவந்து போட்டிருந்த மயிலிறகுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவே என் பழுப்பு இறகை வைத்துக் கட்டியிருந்தேன். இந்தத் தடவை முடிச்சு சரியாக விழுந்திருந்தது.

"மறுபடியும் வேண்டிக்கிட்டியா?" என்றார்.

"ஆமா."

"சுமக்கிறது நான்தானே?"

"வேற யாரு?"

"எந்த முருகனுக்கு?"

"அவனுக்குத்தான்" என்று கையை நீட்டினேன். குன்றும் கோபுரமும் ஜன்னலுக்கு நேரே, மேற்கே இருந்தன. என் கை கிழக்கே, நாங்கள் கடல் தாண்டி வந்த பக்கம் நீண்டிருந்தது.